பிரவுசர் ஏன் விடாம அப்டேட் கேக்குது, அதுக்கு என்ன பண்ணலாம்

"அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு இந்த பிரவுசர் உயிரை எடுக்குது, இதை ஒரேயடியா நிறுத்துறதுக்கு ஒரு வழி சொல்லேன்"னு என்கிட்ட கேக்காத ஆளே கிடையாது. கம்ப்யூட்டர் பத்தி கொஞ்சம் தெரிஞ்சவன்னு ஒரு தடவை பேர் வாங்கிட்டோம்னா சொந்தக்காரங்க, கூட வேலை பார்க்குறவங்க, பழைய நண்பர்கள்னு எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். நான் சொல்ற பதில் அவங்களுக்குப் பிடிக்கிறதில்ல, ஏன்னா நான் நிறுத்தச் சொல்றதில்ல. அதே சமயம் "உங்க பாதுகாப்புக்குத்தான், பண்ணிடுங்க"ன்னு ஒரு வரியில முடிச்சுட்டுப் போறதும் எனக்கு சரியாப் படல. அவங்க எரிச்சல்ல நியாயம் இருக்கு, அந்த எரிச்சலை வெச்சுத்தான் திருடனுங்களும் பிழைக்கிறானுங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல ஒரு விஷயம், நிறைய பேருக்கு இது தெரியாது. மேல வலது பக்கம் "அப்டேட்"னோ "ரீலாஞ்ச்"னோ பட்டன் வர்றப்போ அப்டேட் ஏற்கெனவே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து உக்காந்தாச்சு. டவுன்லோட் முடிஞ்சாச்சு, ஃபைலெல்லாம் அதோட இடத்துல வெச்சாச்சு. விண்டோஸ்ல குரோம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தீங்கன்னா, பழைய வெர்ஷன் ஒரு ஃபோல்டர்ல ஓடிட்டு இருக்கும், புது வெர்ஷன் பக்கத்துலயே அதோட நம்பர் போட்ட இன்னொரு ஃபோல்டர்ல ரெடியா இருக்கும். நீங்க பிரவுசரை மூடித் திறக்குற அந்த நொடியில பழசுக்குப் பதிலா புதுசு ஓட ஆரம்பிக்கும், அவ்ளோதான். அதனால அந்த பட்டன் உங்க நெட்டைத் தின்னப் போறதும் இல்ல, அரை மணி நேரம் உங்களைக் காக்க வைக்கப் போறதும் இல்ல. அது கேக்குறது ஒரே ஒரு ரீஸ்டார்ட், அதையும் கம்ப்யூட்டரை இல்ல, பிரவுசரை மட்டும்.

இது தெரிஞ்சா அடுத்த கேள்விக்கும் பதில் கிடைச்சிடும், அதாவது சிலருக்கு மட்டும் ஏன் இந்த நச்சரிப்பு ஓயாம வருது, வேற சிலர் அந்த பட்டனைப் பார்த்ததே இல்லைன்னு ஏன் சொல்றாங்க. தினமும் வேலை முடிஞ்சதும் பிரவுசரை மூடிட்டுப் போறவங்களுக்கு மறுநாள் திறக்குறப்போ தானா புது வெர்ஷன் வந்துடும், அவங்களுக்கு எதுவும் காட்ட வேண்டிய அவசியமே இல்ல. லேப்டாப் மூடியை மட்டும் சாத்திட்டு எந்திரிச்சுப் போறவங்க, அதாவது இப்போ முக்காவாசிப் பேர், அவங்க பிரவுசரை வாரக்கணக்குல மூடுறதே இல்ல. மேக்ல இன்னும் கொஞ்சம் சிக்கல், சிவப்பு பட்டனை அமுக்கினா ஜன்னல்தான் மூடும், பிரவுசர் உள்ள ஓடிட்டேதான் இருக்கும், குவிட் கொடுத்தாத்தான் நிஜமா நிக்கும். விண்டோஸ்லயும் குரோம்ல "மூடின பிறகும் பின்னணியில ஓடட்டும்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஆன்ல இருந்தா நீங்க மூடிட்டதா நினைப்பீங்க, ஆனா அது மூடியிருக்காது. "நான் தினமும் மூடுறேன், அப்பவும் கேக்குது"ன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல பார்க்கச் சொல்றது இந்த ரெண்டையும்தான்.

அந்த ஐகானோட கலரையும் சும்மா போடல. குரோம்ல பச்சையா இருந்தா அப்டேட் வெளியாகி ரெண்டு நாளுக்குள்ளன்னு அர்த்தம், ஆரஞ்சுன்னா சுமார் நாலு நாள், சிவப்புன்னா குறைஞ்சது ஒரு வாரம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஐடி டீம் நினைச்சா "ரீஸ்டார்ட் பண்ணினா நல்லது"ங்கிறதை "பண்ணியே ஆகணும்"னு மாத்த முடியும், அதுக்கும் கெடு வழக்கமா ஏழு நாள்தான், அதுக்கப்புறம் அது உங்களைக் கேக்காது, தானே மூடித் திறந்துடும். இவ்ளோ அவசரம் எதுக்குன்னு யோசிச்சா விஷயம் சுவாரசியமாப் போகும்.

குரோம் 2008 செப்டம்பர்ல வந்தப்போ அது செஞ்ச பெரிய மாற்றம்னு நான் நினைக்கிறது அதோட வேகத்தை இல்ல, கேக்காமலே அப்டேட் பண்ணிக்கிற பழக்கத்தைத்தான். அதுக்கு முன்னாடி எல்லாமே கேள்விதான், "புது வெர்ஷன் வந்திருக்கு, இப்போ பண்ணவா, அப்புறம் பண்ணவா", எல்லாரும் அப்புறம்தான். 2009ல ஜூரிக் ஈடிஹெச் பல்கலைக்கழகத்துல இருந்த ஒரு ஆராய்ச்சியாளரும் கூகுள் சுவிட்சர்லாந்துல இருந்த ஒருத்தரும் சேர்ந்து இதை அளந்து பார்த்தாங்க. புது வெர்ஷன் வந்து 21 நாள்ல குரோம் பயன்படுத்துறவங்கள்ல 97 சதவீதம் பேர் புதுசுக்கு மாறியிருந்தாங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல 85, சஃபாரியில 53, ஓபராவுல வெறும் 24. எழுதினவங்கள்ல ஒருத்தர் கூகுள்காரர்ங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டே படிக்கணும், ஆனா அந்த 97க்கும் 24க்கும் நடுவுல இருக்குற இடைவெளியை எந்தப் பக்கச் சாய்வும் உண்டாக்கிட முடியாது. ஓபராவுல அப்போ புது வெர்ஷனுக்கு மாறணும்னா கிட்டத்தட்ட முதல் தடவை இன்ஸ்டால் பண்ற மாதிரியே எல்லாப் படியையும் தாண்டணும், ஜனங்க தாண்டல. கேட்டா ஜனங்க தள்ளிப் போடுவாங்க, எல்லாருமே அப்படித்தான். மத்த பிரவுசர்களும் ஒண்ணொண்ணா அதே வழிக்கு வந்தது அதனாலதான்.

ஆனா கேக்காம பண்றதுக்கும் ஒரு எல்லை இருக்கு, ஓடிட்டு இருக்குற புரோகிராமை ஓடும்போதே முழுசா மாத்த முடியாது. 2019 மார்ச்ல இது நல்லாத் தெரிஞ்சுது. குரோம்ல ஒரு பாதுகாப்பு ஓட்டையை, அதாவது கெட்டவன் உள்ள புக வழி விடுற தப்பை, ஏற்கெனவே யாரோ பயன்படுத்தி தாக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சு அவசரமா அதைச் சரி பண்ணி வெளியிட்டாங்க, அப்போ குரோம் பாதுகாப்பு வேலையை நடத்திட்டு இருந்த எஞ்சினியரே வெளிப்படையா வந்து இந்த நிமிஷமே அப்டேட் பண்ணுங்கன்னு சொன்னார். எப்பவும் இல்லாம இப்போ மட்டும் ஏன் இப்படின்னா, அதுக்கு முன்னாடி வந்த அந்த மாதிரித் தாக்குதல்கள் ஃபிளாஷைக் குறி வெச்சு வந்தது, ஃபிளாஷ்ங்கிறது வீடியோ, கேம் எல்லாம் ஓட்ட பிரவுசரோட அப்போ வந்த தனி உறுப்பு, அதை மட்டும் ரீஸ்டார்ட் இல்லாம சத்தமில்லாம மாத்திட முடிஞ்சுது. இந்தத் தடவை அடி விழுந்தது குரோமோட சொந்தக் கோட்ல. சரி பண்ணின வெர்ஷன் எல்லார் மெஷினுக்கும் போய்ச் சேர்ந்துடும், ஆனா பிரவுசரை மூடித் திறக்குற வரைக்கும் ஓடிட்டு இருக்குறது அதே ஓட்டை இருக்குற பழசுதான். கடைசி ஒரு அடியை மனுஷன்தான் வைக்கணும். அந்த பட்டன் விடாம நிக்கிறதுக்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியல.

இன்னொண்ணும் இருக்கு, இதை யோசிச்சாத்தான் எனக்கு நிஜமாவே பயம் வரும். ஒரு ஓட்டையைச் சரி பண்ணி வெளியிடுற அன்னிக்கு அந்த ஓட்டை எங்க இருந்துச்சுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுடுது. எந்தச் சுவத்துல புதுசா சிமெண்ட் பூசியிருக்குன்னு பார்த்தாலே எங்க ஓட்டை இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம்ல, அதே கதை. குரோம், எட்ஜ், ஓபரா எல்லாத்துக்கும் அடியில இருக்குறது குரோமியம், அதோட கோட் யார் வேணாலும் பார்க்கலாம், ஓட்டையை அடைக்கிற மாற்றம் அந்தப் பொதுக் கோட்லதான் முதல்ல வருது, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் உங்க கைக்கு வர்ற வெர்ஷன்ல சேருது. நடுவுல இருக்குற அந்த இடைவெளி கெட்டவனுக்குக் கிடைக்கிற கால அவகாசம். 2020 வாக்குல அது சராசரியா 35 நாளா இருந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு அப்டேட் விட ஆரம்பிச்சப்புறம் 15 நாளாக் குறைஞ்சுது, 2023 ஆகஸ்ட்ல குரோம் 116லேர்ந்து வாரா வாரம்னு ஆக்கிட்டாங்க. உங்களுக்கு பட்டன் முன்னைவிட அடிக்கடி வர்ற மாதிரி தோணினா அது பிரமை இல்ல, நிஜமாவே அடிக்கடி வருது. பெரிய வெர்ஷன் மாற்றமும் ஆறு வாரத்துக்கு ஒண்ணுங்கிறது 2021 செப்டம்பர்ல, குரோம் 94லேர்ந்து, நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆயிடுச்சு.

அதே 2023 செப்டம்பர்ல வந்த வெப்பி விவகாரம் ஞாபகம் இருக்கா? வெப்பிங்கிறது நெட்ல இப்போ எங்க பார்த்தாலும் இருக்குற ஒரு படக் கோப்பு வகை. அந்தப் படத்தைப் பிரிச்சுக் காட்டுற லிப்வெப்பிங்கிற லைப்ரரியில, அதாவது பல புரோகிராம் பொதுவாப் பயன்படுத்துற கோட் தொகுப்புல ஓட்டை, அதைச் சொன்னது ஆப்பிளோட பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்து சிட்டிசன் லேபும். எதையும் கிளிக் பண்ண வேண்டாம், எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம், அதுக்காகவே செஞ்ச ஒரு படம் இருக்குற பக்கத்தைத் திறந்தாலே ஆபத்து. செப்டம்பர் 11 அன்னிக்கு குரோம்ல சரி பண்ணினாங்க, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ்ல. "நான் சந்தேகமான சைட்டுக்கெல்லாம் போறதே இல்லையே, எனக்கு எதுக்கு அப்டேட்"னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்றது. படத்தைப் பார்க்குறதுல உங்க சாமர்த்தியம் எங்க வந்து உதவப் போகுது?

சரி, அப்போ ஜனங்க ஏன் ரீஸ்டார்ட் பண்ண மாட்டேங்கிறாங்க? சோம்பேறித்தனம்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் வரும். நான் கேட்ட வரைக்கும் எல்லாருக்கும் இருக்குறது இழந்துடுவோமோங்கிற பயம். ஒருத்தர் நாப்பது டேப் திறந்து வெச்சிருக்காங்கன்னா அதுல ஒவ்வொண்ணும் ஒரு முடிக்காத வேலை, படிக்க வெச்ச கட்டுரை, பாதியில நிக்கிற விண்ணப்பம், விலை ஒப்பிட்டுப் பார்த்துட்டு இருந்த பொருள், பதில் போடணும்னு வெச்ச மெயில். அதை மூடச் சொன்னா அவங்க மூளையில ஒரு பகுதியைக் கழட்டி வைக்கச் சொல்ற மாதிரித்தான் அவங்களுக்குத் தோணும். ஒரே ஒரு தடவை எல்லா டேபும் காணாமப் போன அனுபவம் இருந்தாப் போதும், அதுக்கப்புறம் வருஷக்கணக்குல அந்த பட்டன் பக்கமே கை போகாது. அந்தப் பயம் போகாம என்ன அறிவுரை சொன்னாலும் வேலைக்கு ஆகாது.

பயம் போகணும்னா செட்டிங்ஸ்ல ஒரு இடத்தை மாத்தணும். குரோம்லயும் எட்ஜ்லயும் "ஆரம்பிக்கிறப்போ"ங்கிற பகுதியில "விட்ட இடத்துலேர்ந்து தொடர்"ங்கிற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், ஃபயர்ஃபாக்ஸ்ல ஜெனரல் பகுதியில "முந்தைய ஜன்னல்களையும் டேப்களையும் திற"ன்னு இருக்கும். அதை ஆன் பண்ணிட்டு, அவசரமே இல்லாத ஒரு நாள்ல, நாலஞ்சு டேப் மட்டும் திறந்து வெச்சுட்டு, பிரவுசரை முழுசா மூடித் திறந்து பாருங்க. எல்லாம் திரும்பி வர்றதைக் கண்ணால பார்த்தாத்தான் நம்பிக்கை வரும், நான் சொல்றதால வராது. அந்த அப்டேட் பட்டன் வழியாப் பண்ற ரீலாஞ்சும் டேப்களைத் திருப்பிக் கொண்டு வரும், ஆனா இந்த செட்டிங் இருந்தா கரண்ட் போனாலும் பிரவுசர் செத்தாலும் காப்பாத்தும். அட்ரஸ் பார்ல குரோம்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு கோலன், ரெண்டு சாய்வுக்கோடு, அப்புறம் ரீஸ்டார்ட்னு அடிச்சு என்டர் தட்டினாலும் அதே வேலை நடக்கும், பட்டன் வரலைன்னாலும் இப்படிப் பண்ணலாம், நிறைய பேருக்கு இது தெரியாது.

ஆனா எது திரும்பி வராதுங்கிறதையும் சொல்லணும், இதை மறைச்சா அப்புறம் என்னை நம்ப மாட்டீங்க. இன்காக்னிட்டோ ஜன்னல் திரும்பி வராது, அதோட வேலையே மறந்துடுறதுதான். ஃபார்ம்ல பாதி எழுதி வெச்சது சில நேரம் வரும், சில நேரம் வராது, அதை நம்பி இருக்கவே கூடாது, நீளமா எழுதினதை காப்பி பண்ணி வேற எங்கயாவது ஒட்டி வெச்சுட்டு அப்புறம் மூடுங்க. ஓடிட்டு இருக்குற டவுன்லோட் பாதியில நிக்கும். வீடியோ மீட்டிங் அறுந்துடும். பேங்க் மாதிரி சைட்டெல்லாம் எப்படியும் திரும்ப லாகின் கேக்கும். இந்த அஞ்சும் இல்லாத நேரத்துல ரீஸ்டார்ட் பண்ணினா எதுவும் போகாது, அப்படிப்பட்ட நேரம் ஒரு நாள்ல எல்லாருக்கும் ரெண்டு மூணு தடவையாவது வரும். நான் பண்றது சாப்பிட எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அந்த பட்டனைத் தட்டிட்டு எந்திரிக்கிறது, திரும்பி வர்றப்போ எல்லாம் அதுஅது அதோட இடத்துல இருக்கும். பழகிட்டா அந்த பட்டன் வந்ததும் போனதும் ஞாபகமே இருக்காது.

ரீஸ்டார்ட் பண்ணின பிறகும் அதே பட்டன் திரும்பத் திரும்ப வந்தா அது வேற நோய். பெரும்பாலும் அப்டேட் பண்ற வேலையைச் செய்யுற தனி புரோகிராமை யாரோ நிறுத்தி வெச்சிருப்பாங்க, "கம்ப்யூட்டரை வேகமாக்குறேன்"னு வர்ற கிளீனர் சாஃப்ட்வேர் பண்ணின வேலையா இருக்கும், இல்லைன்னா எப்பவோ நெட்ல பார்த்து "அப்டேட்டை நிறுத்துவது எப்படி"ன்னு பண்ணி வெச்சதா இருக்கும். செட்டிங்ஸ்ல "குரோம் பற்றி"ங்கிற பக்கத்தைத் திறந்தா அது அப்பவே தேடிப் பார்க்கும், பிரச்சனை இருந்தா அங்கேயே எரர் காட்டும். எரர் வந்தா பிரவுசரோட அதிகாரப்பூர்வ சைட்லேர்ந்து இன்ஸ்டாலரை எடுத்து மேலயே ஓட்டிடுங்க, புக்மார்க் பாஸ்வேர்ட் எதுவும் போகாது, அதெல்லாம் வேற இடத்துல இருக்கு.

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டிருக்குறவங்களுக்கு வேற மாதிரி தொல்லை. அங்க ஃபயர்ஃபாக்ஸை அப்டேட் பண்றது பேக்கேஜ் மேனேஜர், அதாவது சிஸ்டத்துல இருக்குற சாஃப்ட்வேரையெல்லாம் போட்டு அப்டேட் பண்ற புரோகிராம், பிரவுசர் ஓடிட்டு இருக்கும்போதே அடியில ஃபைலை மாத்திடும், அப்புறம் புது டேப் திறந்தா "ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் தொடர முடியும்"னு ஒரு பக்கம் வந்து நிக்கும். தள்ளிப் போடுற பேச்சே இல்ல. கோபம் வரும்தான், ஆனா காரணம் இருக்கு, ஓடிட்டு இருக்குற தாய் புரோசஸ் பழசு, டேபுக்காகப் புதுசாத் திறக்குற புரோசஸ் புதுசு, ரெண்டும் பேசிக்க முடியாது. உபுண்டுங்கிற லினக்ஸ்ல ஸ்னாப்ங்கிற பேக்கேஜ் முறை வழியா வர்ற ஃபயர்ஃபாக்ஸ் கொஞ்சம் பரவாயில்ல, "ஆப்பை மூடுங்க, இத்தனை நாள் இருக்கு"ன்னு சொல்லிட்டு 14 நாள் வரைக்கும் காத்திருக்கும். ஆனா அந்த நோட்டிஃபிகேஷனைப் பார்த்ததும் மூடின கையோட உடனே திறந்துட்டா பல நேரம் அப்டேட் ஆகாது, மூடிட்டு அது மாத்தி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் விடணும், இதை அந்த மெசேஜ்லயே தெளிவாச் சொல்லியிருக்கலாம்.

சிலருக்கு இருக்குற எரிச்சல் ரீஸ்டார்ட் பத்தினதே இல்ல, அப்டேட் ஆனதும் பட்டன் இடம் மாறுது, மெனு மாறுது, கேக்காத ஒரு புது வசதி பக்கத்துல வந்து நிக்குது, அதான். இந்தக் கோபம் எனக்கும் உண்டு. பாதுகாப்புக்குன்னு சொல்லி கதவைத் தட்டிட்டு உள்ள வந்து சாமானை இடம் மாத்தி வைக்கிறது சரியில்ல. இதனாலதான் வயசானவங்க பலர் அப்டேட்டே வேண்டாம்னு முடிவு எடுக்குறாங்க, கஷ்டப்பட்டுப் பழகின இடமெல்லாம் ஒரே நாள்ல மாறிப் போனா அவங்களுக்குப் புதுசாக் கத்துக்கிற சுமை. ஃபயர்ஃபாக்ஸ்ல 2018ல வந்த 63ஆவது வெர்ஷன்லேர்ந்து அப்டேட்டை மொத்தமா நிறுத்துற ஆப்ஷனையே செட்டிங்ஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க, நிர்வாகிகளுக்கான பாலிசி ஃபைல் வழியா மட்டும்தான் இப்போ முடியும். ஆனா இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு நல்ல வழி 2012லேர்ந்தே இருக்கு, அதுக்குப் பேர் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தொடர்ந்து வரும், முகம் மாறுற பெரிய மாற்றம் சுமார் வருஷத்துக்கு ஒரு தடவைதான். கம்பெனிகளுக்குன்னு செஞ்சது, ஆனா யார் வேணாலும் எடுத்துப் போட்டுக்கலாம், காசு கிடையாது. அப்டேட்டை நிறுத்துங்கன்னு கேக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு நிஜமா வேண்டியது இதுதான்னு நான் நினைக்கிறேன், அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லல.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற இடத்துக்கு வர்றேன். ஓயாம அப்டேட் கேட்டுக் கேட்டு நம்ம கண்ணும் கையும் ஒண்ணைப் பழகிடுச்சு, அப்டேட்னு எங்க பார்த்தாலும் ஒண்ணு தள்ளி விடுறது, இல்ல தொல்லை ஒழியட்டும்னு அமுக்கிடுறது. இந்த ரெண்டாவது பழக்கத்தை வெச்சு ஒரு தொழிலே நடக்குது. சாக்கோலிஷ்னு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பேர் வெச்சிருக்குற ஒரு மால்வேர், அதாவது கெடுதல் பண்ற புரோகிராம், ஃபேக்அப்டேட்ஸ்னும் சொல்லுவாங்க, பல வருஷமா ஓடிட்டு இருக்கு. அவங்க தனியா ஒரு போலி சைட் கட்டுறதில்ல, ஒழுங்கா நடக்குற யாரோ ஒருத்தரோட சைட்ல புகுந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டைச் சொருகிடுவாங்க, நீங்க வழக்கமாப் படிக்கிற பக்கத்துக்குப் போவீங்க, பக்கத்துக்குப் பதிலா "உங்க பிரவுசர் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணுங்க"ன்னு வரும். குரோம்ல போனா குரோம் மாதிரியே, ஃபயர்ஃபாக்ஸ்ல போனா ஃபயர்ஃபாக்ஸ் மாதிரியே லோகோவோட வரும். அமுக்கினா ஒரு ஜிப் ஃபைல், உள்ள ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், அதை டபுள் கிளிக் பண்ணினா முடிஞ்சுது. 2024ல ப்ரோக்வெல்னு ஆண்ட்ராய்டுக்கு ஒரு பேங்கிங் டிரோஜனை, அதாவது நல்லது மாதிரி உள்ள வந்து பேங்க் விவரத்தைத் திருடுற மால்வேரைக் கண்டுபிடிச்சாங்க, அதுவும் போலி குரோம் அப்டேட் பக்கம் வழியா வந்ததுதான்.

போன மாசம் சித்தி போன் பண்ணினாங்க. "பிரவுசர் அப்டேட் கேக்குதுப்பா, நீ சொன்ன மாதிரி உடனே பண்ணிடவா?"

"சித்தி, எதையும் தொடாதீங்க. முதல்ல சொல்லுங்க, அது எங்க வருது? அட்ரஸ் அடிக்கிற கட்டத்துக்குப் பக்கத்துல மேல மூலையிலயா, இல்ல கீழ பக்கத்துக்கு நடுவுலயா?"

"நடுவுலதான், பெருசா, படத்தோட வந்திருக்கு."

"அப்போ அது பிரவுசர் கேக்கல சித்தி. அந்த டேபை மூடிடுங்க, அவ்ளோதான்."

இந்த ஒரு கேள்வியை எல்லாருக்கும் கத்துக் கொடுத்துட்டா பாதி சண்டை முடிஞ்சுது. ஒரு வெப்சைட் தனக்குக் கொடுத்த செவ்வகத்துக்குள்ள என்ன வேணாலும் வரையலாம், பிரவுசரோட லோகோ, போலி பட்டன், ஓடுற மாதிரி ஒரு பச்சைக் கோடு எல்லாம். ஆனா டேப் வரிசை இருக்குற, அட்ரஸ் பார் இருக்குற அந்த மேல் பட்டைக்குள்ள அது கை வைக்க முடியாது, அங்க வர்ற பட்டன் பிரவுசரோடது. முழுத்திரையில இருக்கும்போது மட்டும் மேல் பட்டையே தெரியாது, அப்போ எஸ்கேப் அமுக்கி வெளிய வந்துட்டுப் பாருங்க. இன்னொரு அடையாளமும் இருக்கு, தன்னைத் தானே அப்டேட் பண்ணிக்கிற பிரவுசர் உங்களை ஒரு ஃபைலை டவுன்லோட் பண்ணித் திறக்கச் சொல்லாது, அது ஏற்கெனவே எல்லாம் பண்ணிட்டு மூடித் திறக்க மட்டும்தான் கேக்கும். போன்ல அப்டேட் வர்ற இடம் ஆப் ஸ்டோர், இல்லைன்னா போனோட சிஸ்டம் அப்டேட், வெப் பக்கத்துலேர்ந்து வர்ற பிரவுசர் அப்டேட்டைத் தொடவே வேண்டாம். சந்தேகம் வந்தா நீங்களே மெனுவைத் திறந்து "பற்றி" பக்கத்துக்குப் போங்க, நிஜமா அப்டேட் இருந்தா அங்க காட்டும்.

நல்ல சைட்டுகளும் இந்தக் குழப்பத்துல பங்கு வகிக்குது, அதைச் சொல்லாம விட முடியாது. "உங்க பிரவுசர் பழசு, இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாது"ன்னு காட்டுற சைட்ல நிறைய வெறும் வெர்ஷன் நம்பரை, அதுவும் தப்பாப் படிச்சுட்டுக் காட்டுறது. ஓபரா 10 வந்தப்போ பல சைட் முதல் ஒரு இலக்கத்தை மட்டும் படிச்சு அதை வெர்ஷன் ஒண்ணுன்னு நினைச்சுதுன்னு, ஓபரா தன்னை 9.80ன்னு சொல்லிக்க வேண்டியதாப் போச்சு. 2022ல குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐத் தொட்டப்போ மூணு இலக்கத்தைப் படிக்கத் தெரியாத சைட் உடையுமோன்னு மறுபடி அதே பயம், முன்கூட்டியே பரிசோதனையெல்லாம் பண்ண வேண்டியிருந்துச்சு. புத்தம்புது பிரவுசர் வெச்சிருக்குற ஒருத்தரை பழசுன்னு ஒரு பொறுப்பான சைட்டே சொன்னா, நாளைக்கு ஒரு திருட்டுப் பக்கம் அதையே சொல்றப்போ அவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

பிரவுசர் செய்யுறவங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. யாரோ இப்பவே பயன்படுத்திட்டு இருக்குற ஓட்டையை அடைக்கிற அப்டேட்டுக்கும் பட்டனோட வளைவு மாறுற அப்டேட்டுக்கும் ஒரே குரல்ல கூப்பிடாதீங்க. எது அவசரம்னு அந்த பட்டன்லயே ஒரு வரி எழுதுங்க, ஜனங்க புரிஞ்சுப்பாங்க. ரீஸ்டார்ட் பண்ணினா எந்தெந்த டேப்ல எழுதி முடிக்காத விஷயம் இருக்குன்னு முன்னாடியே காட்டுங்க. டீஃபால்ட் பிரவுசரா வெச்சுக்கோ, இந்தப் புது வசதியைப் பார், அக்கவுன்ட்ல லாகின் பண்ணுங்கிற விளம்பரத்தையெல்லாம் அப்டேட் வர்ற அதே இடத்துல, அதே உருவத்துல காட்டாதீங்க. அப்படிக் காட்டுற ஒவ்வொரு தடவையும் நிஜமான எச்சரிக்கையோட மதிப்பு கொஞ்சம் குறையுது, அந்த நஷ்டம் விழுறது சித்தி மாதிரி ஆட்கள் தலையில.

பழைய மெஷின் வெச்சிருக்குறவங்க நிலைமைதான் எனக்கு இதுல மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அவங்க பிரவுசர்ல வர்ற நோட்டீஸை ரீஸ்டார்ட் பண்ணியும் போக்க முடியாது, ஏன்னா அங்க புது வெர்ஷனே கிடையாது. விண்டோஸ் 7, 8.1 ரெண்டுக்கும் குரோம் 109தான் கடைசி, 2023 பிப்ரவரியில வந்த 110லேர்ந்து அதுல ஓடாது. ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பழைய விண்டோஸ்களுக்காக 115 ஈஎஸ்ஆரை அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இழுத்துப் பிடிச்சு பாதுகாப்புத் திருத்தம் கொடுத்துச்சு, அதுக்கு அவங்களை நான் மனசாரப் பாராட்டுறேன், ஆனா அதுவும் தற்காலிகம்தான். மெஷின் இன்னும் நல்லாத்தான் ஓடுது, மாத்த வசதி இல்லைன்னா, அதுல எடை கம்மியான ஒரு லினக்ஸைப் போட்டுட்டா பிரவுசர் திரும்பவும் புதுசாகும், பலருக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கேன், பிரவுசர் மட்டும் பயன்படுத்துறவங்களுக்கு ரெண்டு நாள்ல பழகிடுது. அதுவும் முடியலைன்னா அந்த மெஷின்ல பணம் சம்பந்தமான எந்த லாகினும் வேண்டாம், மெயினா வெச்சிருக்குற மெயில் ஐடியும் வேண்டாம், ஏன்னா அந்த மெயில் வழியாத்தான் மத்த எல்லா பாஸ்வேர்டையும் மாத்த முடியும். பாட்டு கேக்க, படம் பார்க்க வெச்சுக்கோங்க. லினக்ஸ் போட யாராவது கூட இருந்து உதவணும்னா கமெண்ட்ல மெஷினோட மாடலும் எவ்வளவு ரேம்னும் எழுதுங்க, எது பொருந்தும்னு பார்த்துச் சொல்றேன்.